கண்ணைக் கட்டிட்டுத் தொட்டாலும் தெரியும்

வெண்ணந்தூர்க்காரர் போன் செய்தபோது நான் பண்ணையில் உடைந்த முட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "அம்மிணி, சேதி கேட்டீங்களா?" என்று ஆரம்பித்தார். குரலே சரியில்லை. எழவுச் சேதிதான் என்று நினைத்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தீவன மூட்டை மேல் உட்கார்ந்தேன். யாருங்கண்ணா, எப்பங்க என்று கேட்டேன். "நம்ம பிஸ்டலை நிறுத்திப்போட்டாங்களாம் அம்மிணி. இனிமே செய்ய மாட்டாங்களாம்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "ஏனுங்கண்ணா, இதுக்கா இப்படி இழுத்தீங்க? யாரோ போய்ச் சேந்துட்டாங்கன்னு நான் மூட்டை மேல உக்காந்தே போயிட்டேன்" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "போய்ச் சேந்த மாதிரிதானுங்க" என்றார். முழுக்க ஸ்டீலில் செய்த பிஸ்டல் அது. சர்க்கார் ஃபேக்டரியில் அதை நிறுத்திவிட்டு, உடம்பெல்லாம் பிளாஸ்டிக்கில் இருக்கிற புது மாடலைக் கொண்டுவருகிறார்களாம். "கையில எடுத்தா வெயிட்டே இல்லீங்க. சோப்பு டப்பாவாட்டம் இருக்குது" என்றார். அடுத்த கூண்டில் கோழி கத்துகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிற பொம்பளைக்குப் பிஸ்டல் எதற்கு என்று கேட்பீர்கள். நானும் அதையேதான் கேட்டேன். அது எங்கப்பா வாங்கியது. அந்தக் காலத்தில் பக்கத்துத் தோட்டத்து, போர்வெல் போடுகிற ரிக் வண்டிக்காரர் ஒன்று வாங்கினார். அவருக்கு இருக்கிறது, நமக்கு இல்லையா என்று அப்பாவும் அலையாய் அலைந்து லைசென்ஸ் எடுத்து, சேலத்துத் துப்பாக்கிக் கடையில் வாங்கிவந்தார். ஒரே ஒரு தடவைதான் சுட்டார். வாங்கி வந்த வருசம், ஆயுத பூஜையன்று, வானத்தைப் பார்த்து. அத்தனை கோழியும் ஒரே நேரத்தில் அலறிக் கூண்டில் முட்டி மோதின. அன்றைக்கு நின்ற முட்டை பழையபடி வருவதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அம்மா பேசிய பேச்சில் அப்பா அதற்குப் பிறகு குண்டே போடவில்லை. வருசத்துக்கு ஒருமுறை தீவன மிசின், தராசு, மண்வெட்டிகளோடு அதற்கும் ஒரு பொட்டு வைப்பார். அவ்வளவுதான் அதன் வேலை.

அப்பா போனபோது அது தம்பிக்குத்தான் போயிருக்க வேண்டும். ஆனால் அவன் மேல் கேஸ் இருந்தது. கிணத்துப் பங்குத் தகராறில் பங்காளி ஒருவரை மண்வெட்டிப் பிடியால் அடித்துக் கையை உடைத்துவிட்டான் என்று கேஸ். கேஸ் இருக்கிறவனுக்கு லைசென்ஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். யாராவது ஒரு வாரிசு எடுக்காவிட்டால் பிஸ்டல் சர்க்காருக்குப் போய்விடும். சரி, வீட்டுச் சாமான் வெளியே போகக்கூடாது என்று நான் கையெழுத்துப் போட்டு என் பேருக்கு வாங்கினேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். அவன் அப்படி நினைக்கவில்லை. என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "கேஸ் முடியட்டும். அன்னிக்கு வந்து அப்பாவோட பிஸ்டலை வாங்கிக்கறேன். அதுவரைக்கும் பத்திரமா வெச்சிரு. வாங்குற வரைக்கும் உன்ற ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். நானும் வாய் சும்மா இராமல் "போடா, பெரிய மகாராஜா" என்றேன்.

நாலு வருசம். அவன் தோட்டம் எங்கள் பண்ணைக்கு அடுத்த திருப்பத்தில் இருக்கிறது. தினமும் எங்கள் கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். கேட்டுக்கு நேராக வந்ததும் வண்டியை முறுக்குவான். தலையைத் திருப்ப மாட்டான். கூடப் பிறந்தது அவன் ஒருத்தன்தான். வெளியே யாரிடமும் சொல்லவில்லை, உள்ளுக்குள் எனக்கு அது வெசனமாகவே இருந்தது.

இந்த வெண்ணந்தூர்க்காரர் எப்படிப் பழக்கம் என்று சொல்ல வேண்டும். எலெக்சன் வந்தால் லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். ஓட்டெல்லாம் எண்ணி முடித்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். அப்பா வாங்கிய சேலத்துக் கடையிலேயே நானும் ஒப்படைப்பேன். வரிசையில் நான் ஒருத்திதான் பொம்பளை. மற்றவர்கள் எல்லாம் வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக, பொண்ணு பார்க்க வந்தவர்கள் மாதிரி நிற்பார்கள். வெண்ணந்தூர்க்காரர் தறிப்பட்டறை வைத்திருக்கிறவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எங்கப்பா வாங்கிய அதே மாசம், அதே கடையில், அதே பெட்டியிலிருந்து அவரும் ஒன்று வாங்கியிருக்கிறார். ரெண்டு பிஸ்டலுக்கும் நம்பரில் கடைசி எண் மட்டும்தான் வேறு. "ஒரு வயித்துல பொறந்த மாதிரிங்க அம்மிணி" என்பார். மேட்டூரிலிருந்து ஒரு ரிட்டயர்டு கம்பெனி ஆபீசர் வருவார். அவர்தான் எங்களையெல்லாம் சேர்த்து வாட்ஸ்அப் குரூப் ஒன்று ஆரம்பித்தார்.

சேதி வந்த அன்று அந்தக் குரூப் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே! காலையில் ஆரம்பித்த போன் சத்தம் சாயங்காலம் வரைக்கும் நிற்கவில்லை. ஒருத்தர் கும்பிடுகிற கை போட்டார். ஒருத்தர் அழுகிற மூஞ்சி போட்டார். மேட்டூர்க்காரர் ஸ்டீலின் அருமை பெருமைகளைப் பற்றி, கீழே தள்ளத் தள்ளத் தீராத நீளத்துக்கு எழுதினார். பிளாஸ்டிக்கில் செய்தால் இலேசாக இருக்கும், துருப்பிடிக்காது, விலையும் குறைவு, நல்லதுதானே என்று யாரோ ஒரு அப்பாவி கேட்டுவிட்டார். அவ்வளவுதான், அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். "அப்ப ஊட்ல வெங்கலக் குண்டாவத் தூக்கிப் போட்டுட்டு பிளாஸ்டிக் பக்கெட்டுல பொங்க வையுங்க" என்று வெண்ணந்தூர்க்காரர் எழுதினார். இருபது பேர் கை தட்டினார்கள்.

மறுநாளிலிருந்து வாங்குகிற வேகம் பிடித்தது. ஒரு ஆளுக்கு ரெண்டுக்கு மேல் துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். வெண்ணந்தூர்க்காரரிடம் ஏற்கெனவே பிஸ்டல் ஒன்று, ரைபிள் ஒன்று. மூணாவதுக்கு வழியில்லை. ஆகவே வீட்டுக்காரம்மா பேரில் லைசென்சுக்கு மனுப் போடலாமா, மருமகள் பேரில் போடலாமா என்று யோசனை கேட்டார். அந்தம்மா முடியாது என்று சொல்லிவிட்டாராம். வேறு வழியில்லாமல் உறை, துடைக்கிற பிரஷ், எண்ணெய் டப்பா, கடைக்காரர் பரணில் கிடந்த பழைய விலைப் பட்டியல் என்று லொட்டு லொசுக்கெல்லாம் சேர்க்க ஆரம்பித்தார். தினமும் துடைத்து, தினமும் ஒரு போட்டோ. அதோடு ஒரு வரி: "என்ற பிஸ்டலைக் கண்ணைக் கட்டிட்டுத் தொட்டாலும் தெரியுமுங்க. ஆயிரத்துல கண்டுபுடிச்சிருவேன்."

எனக்கும் போன் மேல் போன். "மேடம், நீங்க எப்படியும் யூஸ் பண்றதில்ல. நல்ல கைக்குப் போகட்டுமே" என்றார் மேட்டூர்க்காரர். கோயமுத்தூரிலிருந்து, ஈரோட்டிலிருந்து, முகம் தெரியாதவர்கள் எல்லாம் கேட்டார்கள். தீவனம் கலக்க விடாமல் இதென்னடா அக்கப்போரு என்றாகிவிட்டது. விற்கிறதாக இல்லீங்க, அது எங்க தம்பிது என்று எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னேன்.

ஏனென்றால் அதற்குள் தம்பியின் கேஸ் முடிந்திருந்தது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று விட்டுவிட்டார்கள். அவன் லைசென்சுக்கு எழுதிப் போட்டு, அப்பாவின் பிஸ்டலை என் பேரிலிருந்து அவன் பேருக்கு மாற்ற மனுவும் கொடுத்துவிட்டான். என் சம்மதக் கடிதத்தை எங்கூட்டுக்காரர்தான் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆனால் ஊரில் காத்துவாக்கில் அவன் காதுக்கு வேறு சேதி போயிருக்கிறது. அக்கா பிஸ்டலை நல்ல விலைக்குத் தள்ளப் போகிறது என்று. "அப்பாவோடதை வித்துதுன்னா அது மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொல்லுங்க மாமா" என்று எங்கூட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் இன்னும் கொஞ்ச நாள்தானே, கையில் கொடுத்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வருவான் என்று பொறுத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மேட்டூர்க்காரர், எல்லாரும் பிஸ்டல் நம்பரைப் போட்டோ எடுத்துப் போடுங்கள், எந்த வருசம் செய்தது என்று சொல்லிவிடுகிறேன் என்றார். எனக்கு அதில் ஆசையே இல்லை. ஆனால் போலீசில் சரிபார்க்க வருவார்கள், எப்படியும் பார்க்கத்தானே வேண்டும் என்று பீரோவிலிருந்து உறையை எடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், போன எம்.பி. எலெக்சனுக்குப் பிறகு நான் அந்த உறையைத் திறக்கவே இல்லை. எனக்கு அதைத் தொடப் பிடிக்காது. கடையில் திருப்பி வாங்கியபோதுகூட உறையை நீட்டி, "இதுலயே போட்டுக் குடுத்துருங்க" என்றுதான் சொன்னேன். ஆயுத பூஜைக்குச் சந்தனத்தைக் குழைத்து உறை மேலேயே பூசிவிடுவேன். இப்போது வெளியே எடுத்தால், சந்தனத்தின் ஈரம் இறங்கிய இடத்தில் எட்டணா அகலத்துக்குத் துரு. அடக் கடவுளே என்று துணியால் தேய்த்துக்கொண்டே நம்பரைப் பார்த்தேன். லைசென்ஸ் புக்கில் கடைசி எண் நாலு. பிஸ்டலில் ஏழு.

கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். எங்கூட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். ஏழுதான். வேறு ஒருத்தர் பிஸ்டலை ரெண்டு வருசமாக என் பீரோவில் வைத்துப் பூசை செய்திருக்கிறேன். யாருடையது என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. போனைத் திறந்தால், வெண்ணந்தூர்க்காரர் அன்று காலையிலேயே தன் நம்பரைப் பெருமையாகப் போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறார். பளபளவென்று எண்ணெய் மினுங்குகிற ஸ்டீல். கடைசி எண் நாலு.

போன் போட்டேன். "அண்ணா, உங்க லைசென்ஸ் புக்கை எடுத்து நம்பரைப் பாருங்க" என்றேன். "எனக்கெதுக்குங்க புக்கு? கண்ணைக் கட்டிட்டு..." என்று ஆரம்பித்தார். "கண்ணைத் தொறந்துட்டுப் பாருங்கண்ணா" என்றேன். போனைக் கீழே வைக்கிற சத்தம், பீரோ திறக்கிற சத்தம், தாள் புரட்டுகிற சத்தம். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஊட்டுக்கு வாரேன் அம்மிணி. கமுக்கமா மாத்திக்கலாம். குரூப்ல தெரிஞ்சா என்ற மானம் கப்பலேறிரும்" என்றார். உங்க மானம் கிடக்கட்டும், என் தம்பி மனுவில் அந்த நம்பர் இருக்கிறது, இப்போதுதான் ஒரு கேஸிலிருந்து வெளியே வந்திருக்கிறான், திருட்டுத்தனமாக ஒன்றும் செய்ய வேண்டாம், ஸ்டேஷனுக்கு வாங்க என்று சொல்லிவிட்டேன்.

வாய்தான் அப்படிப் பேசியது. எனக்குப் போலீசைவிடத் தம்பியை நினைத்துத்தான் பயம். பத்திரமா வெச்சிரு என்று ஒரே ஒரு சொல் சொன்னான். அதைக்கூடச் செய்ய முடியவில்லை. வேறு ஒன்று வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்யலாம் என்றால் அதைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். இதைச் சாக்காக வைத்து இன்னும் நாலு வருசம் வண்டியை முறுக்கிக்கொண்டு போவான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் ஸ்டேஷன் எஸ்.ஐ.க்கு என் மகன் வயதுதான் இருக்கும். முதலில் ரெண்டு பேரையும் நன்றாகத் திட்டினார். அடுத்தவர் ஆயுதத்தை வைத்திருப்பது குற்றம் என்று தெரியாதா, வாங்கும்போது நம்பர் பார்க்க மாட்டீர்களா என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கடைக்குப் போன் போட்டு அவர்களுடைய பதிவேட்டைப் பார்க்கச் சொன்னார். திருப்பிக் கொடுக்கும்போது சீட்டு மாறிப் போனது தெரிந்தது. ரெண்டு பேரிடமும் நடந்ததை எழுதி வாங்கிக்கொண்டார். பிறகு ரெண்டு பிஸ்டலையும் மேசை மேல் பேப்பரை விரித்து வைத்தார். ஒன்று பளபளவென்று. ஒன்று துருவோடு. அந்தத் துருவைப் பார்த்ததும் வெண்ணந்தூர்க்காரர் "ஐயோ சாமி" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சந்தனமுங்களா வெச்சீங்க?" என்று என்னிடம் கேட்டார். பாவமாக இருந்தது. மன்னிச்சுக்குங்கண்ணா என்றேன்.

அப்போதுதான் தம்பி உள்ளே வந்தான். பிஸ்டலைத் தன் பேருக்கு மாற்றி வாங்கப் போகிறவர் என்பதால் அவனும் வர வேண்டும் என்று எஸ்.ஐ. சொல்லியிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. தலையில் நரை கூடியிருந்தது. வண்டியில் போகும்போது ஹெல்மெட்டில் எனக்குத் தெரிந்ததே இல்லை. எந்தப் பிஸ்டல் யார் வீட்டிலிருந்து வந்தது என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எஸ்.ஐ. சிரித்துக்கொண்டே, "உங்கப்பா பிஸ்டலுக்காக நாலு வருசம் அக்கா ஊட்டுக்கே போகலையாமே. எதுன்னு நீங்களே சொல்லுங்க, அப்புறம் நம்பர் பாக்கலாம்" என்றார்.

தம்பி யோசிக்கவே இல்லை. துருப்பிடித்ததைத் தொட்டான். "இதுதானுங்க. இந்தத் துரு எங்கப்பா காலத்துலயே இருந்துச்சு. கோழிக்கு வெச்சிருந்த மருந்துத் தண்ணி பட்டு வந்தது. சின்ன வயசுல நான் வெரல் வெச்சுப் பாத்திருக்கறேன். கண்ணைக் கட்டிட்டுத் தொட்டாலும் சொல்லிருவேன்" என்றான். பொய் சொல்லவில்லை அவன். அப்படித்தான் அவனுக்கு ஞாபகம் இருந்தது. நாலு வருசமாக அந்தத் துருவை நினைத்துக்கொண்டே இருந்திருப்பான் போல.

எஸ்.ஐ. நம்பரைப் படித்தார். கடைசி எண் ஏழு. "இது அவரோடதுங்க" என்று வெண்ணந்தூர்க்காரரைக் காட்டினார். "நல்லாப் பாருங்க சார்" என்றான் தம்பி. இன்னொரு தடவை படித்தார். ரைட்டரும் வந்து படித்தார். ஏழுதான். சின்னப் பையனாக இருக்கும்போது பொய் மாட்டிக்கொண்டால் தம்பிக்குக் காது ரெண்டும் சிவந்துவிடும். இப்போதும் சிவந்தது. யாரும் சிரிக்கவில்லை. வெண்ணந்தூர்க்காரர்தான் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். "உடுங்க தம்பி. ரெண்டு வருசமா தெனமும் தொடச்சேன். எனக்கே தெரியல" என்றார்.

பிஸ்டலை இன்னும் சில நாளைக்கு என் பேரில்தான் வைத்திருக்க வேண்டும் என்றார்கள். தம்பியின் லைசென்சில் ஏறுவதற்கு மேலிடத்துக் கையெழுத்து பாக்கி இருந்தது. நான் இந்தத் தடவை நம்பரை ரெண்டு முறை படித்துப் பார்த்து, என் கையாலேயே எடுத்து உறையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். தம்பி வேப்ப மரத்தடியில் வண்டியின் மேல் கை ஊன்றி நின்றிருந்தான். கிளம்பவில்லை. நான் காருக்குப் போகிற வழியில்தான் நின்றான்.

"ஊட்ல என்ன சோறுக்கா?" என்றான்.

"முட்டைக் கொழம்பு. பண்ணைக்காரி ஊட்ல வேறென்ன இருக்கும்" என்றேன். எங்கள் காருக்குப் பின்னாலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தான். எங்கள் கேட்டுக்கு நேராக வந்ததும் முறுக்கவில்லை, திருப்பினான்.

வாசற்படிக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிட்டான். "இன்னும் என்ற பேருக்கு வரலியேக்கா" என்றான். சொன்ன சொல் ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது. நாலு வருசம் சேர்த்து வைத்திருந்த கோபமெல்லாம் அப்போதுதான் எனக்கு வந்தது. "எதுன்னே உனக்கும் தெரியல, எனக்கும் தெரியல. அதுக்குப் போயி நாலு வருசம் என்ற மூஞ்சியப் பாக்காம இருந்தியேடா!" என்று கத்திவிட்டேன். கத்தினதோடு அழுகையும் வந்துவிட்டது. மறைக்கவில்லை, எதற்கு மறைக்க வேண்டும்.

அவன் வாசற்படியை மிதித்தான். பிறகு உள்ளே வந்து, சமையல்கட்டுப் பக்கம் அவன் எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து தட்டை இழுத்துக்கொண்டான். மூணு முட்டை சாப்பிட்டான். பிஸ்டல் உறையோடு முன் அறையில் நாற்காலி மேல் கிடந்தது. சாயங்காலம் கிளம்பும்போது அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாளைக்கு வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டு, கேட்டைச் சாத்தாமலே போனான்.